முழுப்பேர் என்ன சார்?

என் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிக்குச் சட்னி வருவதற்குள், தன் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டான்.

“அத்தான், வேலையை விட்டுட்டேன். ரியல் எஸ்டேட்ல இறங்கிட்டேன்!”

என் மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி மேல் இருந்த பார்வை அப்படியே என் மேல் திரும்பியது. அவள் வீட்டில் யார் என்ன செய்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

“கணக்கு சிம்பிள் அத்தான். ஒரு மனை இருபது லட்சம். ரெண்டு பர்சென்ட் கமிஷன்னா நாற்பதாயிரம். மாசம் அஞ்சு மனை முடிச்சா ரெண்டு லட்சம். முதலீடு என்ன? ஒரு பைக், ஒரு செல்போன், ஒரு வாய். மூணும் என்கிட்ட இருக்கு!”

மூன்றாவது இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து நீட்டினான். வழவழவென்று, தங்க நிற பார்டர். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், அதன் கீழே ‘ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்’, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

“லைசென்ஸ்?” என்றேன்.

“பைக்குக்கு இருக்கே அத்தான்.”

இதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்த என் அப்பா, பேப்பரைத் தாழ்த்தினார். கார்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

“தம்பி, இதுல உங்க முழுப்பேர் எங்கே?”

மச்சினன் சிரித்தான். “முழுப்பேரை வச்சு என்ன மாமா பண்றது? பிசினஸுக்கு ஷார்ட்டா இருந்தாத்தான் மனசுல நிக்கும்.”

அப்பா சிரிக்கவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல பதினைந்து வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

குடைக்காரர்

2009-ல் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றார். நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். கையில் பணம் வந்த செய்தி, பணம் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித் தெரிந்துகொண்டு வந்தவர்தான் குடைக்காரர்.

மழையோ வெயிலோ, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதனால் அந்தப் பெயர். தெருவில் இரண்டு பேருக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர். நல்ல மனுஷன். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மாவின் காபியை, “இந்த டிகாஷன் திருச்சியிலேயே கிடையாதும்மா” என்று பாராட்டுவார். அம்மா அதில் பாதி விழுந்தாள். மீதியைப் பார்க்க அப்பாவுக்கு நேரம் இல்லை.

பைபாஸ் பக்கம் ஒரு லேஅவுட். மஞ்சள் கல், கலர் கொடி, ஒரு வளைவு. “முப்பத்தேழாம் நம்பர் மனை, கிழக்குப் பார்த்தது, உங்களுக்காகவே நிறுத்தி வச்சிருக்கேன்” என்றார். அப்பா ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். பதிலுக்கு ஒரு வெள்ளைத்தாளில் ரசீது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்துக் குடையையும் காணோம், குடைக்காரரையும் காணோம். லேஅவுட் ஆபீசுக்குப் போனோம். “அந்த மாதிரி யாரும் எங்க ஆளு இல்லீங்களே. முப்பத்தேழு வித்து ஆறு மாசமாச்சு” என்றார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

“அவர் முழுப்பேர் என்ன சார்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது எங்களுக்குத் தெரியும். எந்தக் காலில் ஆணி என்பது தெரியும். அவர் பெயர் தெரியாது. அப்பா பெயர் தெரியாது. வீடு எங்கே என்று தெரியாது.

“குடைக்காரர்னு எழுதி நான் யாரைத் தேடுறது சார்? மழைக்காலம் வேற” என்றார் ஏட்டு.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருடைய கஷ்டத்தைத்தான் சொன்னார். ஆனால் முப்பத்தைந்து வருஷம் இரும்பை அளந்து வெட்டிய என் அப்பா, அன்றைக்கு அந்த பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. போன பணத்தைவிட, பெயர் கேட்காமல் பணம் கொடுத்தோமே என்பதுதான் அவரை அரித்தது.

எந்தப் பெயரில் அழைத்தாலும்

“இப்போ அப்படியெல்லாம் முடியாது” என்று மச்சினனிடம் சொன்னேன். பி.காம். படித்தவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் அது என் மேஜைக்குத்தான் வரும். ரேஷன் கார்டிலிருந்து காஸ் மானியம் வரை. அந்த அனுபவத்தில் இந்தச் சட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016. சுருக்கமாக ‘ரெரா’. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே 1-ல். தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே வருஷம் ஜூனில் வந்தன.

ஏஜென்ட் என்றால் யார்? ஒருவர் சார்பில் மனை, ஃபிளாட், கட்டடம் விற்க வாங்கப் பேசி முடித்துக் கமிஷன் பெறுகிறவர். விற்பவரையும் வாங்குபவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்து வைத்துப் பணம் வாங்குகிறவரும் ஏஜென்ட்தான். தரகர், இடைத்தரகர், டீலர்... ‘எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்’ என்று சட்டமே சொல்கிறது. ஆக, ‘கன்சல்டன்ட்’ என்று தங்க பார்டர் போட்டு அச்சடித்தாலும் தப்பிக்க முடியாது.

ரெராவில் பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் ஒரு மனையையோ ஃபிளாட்டையோ விற்றுத்தர வேண்டுமானால், ஏஜென்டும் தன்னைப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் செய்தால் அபராதம், நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய். அது அந்த மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறிக்கொண்டே போகலாம்.

“உன் கணக்கையே போடுவோம்” என்றேன். “இருபது லட்சம் மனை. கமிஷன் நாற்பதாயிரம். அதுல அஞ்சு சதவீதம்னா ஒரு லட்சம். பத்தே நாள்ல அபராதம் உச்சத்தைத் தொட்டுடும். நீ சம்பாதிச்சது நாற்பது, கட்டுறது நூறு. பி.காம்.ல இதுக்குப் பேரு நஷ்டம்.”

மச்சினன் முதல் தடவையாக இட்லியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

என்னென்ன வேண்டும்?

“எந்தப் பரீட்சையும் வேணாம்தானே அத்தான்?” இது அவனுடைய வாழ்நாள் கவலை.

மத்தியச் சட்டத்தில் ஏஜென்டுக்குப் படிப்புத் தகுதி எதுவும் சொல்லப்படவில்லை. பத்தாவது படித்தவரும் ஆகலாம், பி.எச்டி.யும் ஆகலாம். ஆனால் மாநிலங்கள் சும்மா இல்லை. மகாராஷ்டிராவில் 2023-ல் ஏஜென்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். ஆக, விண்ணப்பம் போடுகிற அன்றைக்கு இங்கே என்ன விதி என்பதைத் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேட்கிற காகிதங்கள் இவைதான்:

விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, தொடர்பு எண், போட்டோ. கம்பெனி அல்லது பார்ட்னர்ஷிப் என்றால் டைரக்டர்கள், பார்ட்னர்கள் எல்லாருடைய விவரமும், நிறுவனத்தின் பதிவுப் பத்திரங்களும்.

பான் கார்டு நகல்.

தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று. “டீக்கடை பெஞ்ச்தான் ஆபீஸ்” என்று எழுத முடியாது.

கடந்த மூன்று நிதியாண்டுகளின் வருமான வரிக் கணக்கு. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அவசியம் இல்லாதவராக இருந்தால், அதற்கான உறுதிமொழி.

கூடவே கட்டணம். தனி ஆளுக்கு ஒரு தொகை, கம்பெனிக்கு அதைவிடக் கூடுதல். அன்றைய தேதியில் எவ்வளவு என்பதைப் பார்த்துக் கட்ட வேண்டும்.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் சொல்வார்கள். நிராகரிப்பதாக இருந்தால், நம் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் நிராகரிக்க முடியும். விதியில் சொன்ன கெடுவுக்குள் எந்தப் பதிலும் வரவில்லையென்றால், பதிவு ஆகிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அரசாங்க அலுவலகம் பதில் போடாமல் இருப்பது நமக்குச் சாதகமாக முடிகிற அபூர்வமான இடங்களில் இது ஒன்று!

கிடைக்கிற நம்பர் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு பதிவு மாநிலம் முழுவதற்கும் போதும். திருச்சியில் பதிவு செய்தவர் ஓசூரிலும் மனை காட்டலாம். ஓசூர் தாண்டி பெங்களூரில் காட்ட வேண்டுமானால், அது கர்நாடகத்துக் கணக்கு.

மச்சினன் போட்டோ என்றதும் விசிட்டிங் கார்டு படத்தையே எடுத்து நீட்டினான்.

“கூலிங்கிளாஸைக் கழட்டிட்டு வேற எடு. உன் முகம் தெரியணும்கிறதுக்காகத்தானே போட்டோ கேக்குறாங்க.”

யாருக்கு வேண்டாம்?

எல்லாப் புரோக்கருக்கும் இந்த நம்பர் வேண்டுமா என்றால், இல்லை. வாடகைக்கு வீடு பார்த்துத் தருகிறவர் இதற்குள் வரமாட்டார். சட்டத்தில் ஏஜென்ட் என்பது விற்பனைக்குத்தான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய வீட்டை விற்கிறார், அதைத் தெருமுனைத் தரகர் முடித்துக் கொடுக்கிறார் என்றால், அதுவும் பொதுவாக இந்தச் சட்டத்தில் சிக்காது. அது ‘திட்டம்’ இல்லை. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத திட்டங்களும், எட்டு வீட்டுக்கு மேல் இல்லாத திட்டங்களும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஆனால் கல் நட்டு, கொடி கட்டி, நம்பர் போட்டு விற்கிற லேஅவுட் என்றால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். எங்கள் முப்பத்தேழாம் நம்பர் மனை மாதிரி.

நம்பர் வாங்கிய பிறகுதான் வேலையே

மச்சினன் நினைத்தது, லைசென்ஸ் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினால் முடிந்தது என்று. ஆபீசில் எல்லாரும் பார்க்கிற மாதிரி நம்பரைப் போட வேண்டியதுதான். விளம்பரத்திலும், ஒவ்வொரு வியாபாரக் காகிதத்திலும் அந்த நம்பர் இருக்க வேண்டும். ஆனால் அதோடு முடியவில்லை.

பதிவு செய்ய வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால், அதில் ஒரு மனையைக்கூட விற்றுத் தரக்கூடாது. “பதிவுக்குப் போட்டிருக்கு, அடுத்த வாரம் வந்துடும்” என்ற வசனத்துக்கு இடமே கிடையாது.

வாங்குகிறவர் புக் செய்கிற நேரத்தில், அவருக்குச் சேர வேண்டிய எல்லா விவரங்களும் காகிதங்களும் அவர் கைக்குக் கிடைக்க ஏஜென்ட் உதவ வேண்டும். லேஅவுட் வரைபடம், அனுமதி எல்லாம். “பத்திரம் ரிஜிஸ்டர் ஆகிறப்போ பார்த்துக்கலாம் சார்” என்பது பழைய காலம். அந்தப் பழைய காலத்தில் வாங்கிய எத்தனையோ பேர், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாமல் நின்றார்கள். மறு வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக்கூடாது. “பஸ் ஸ்டாண்டிலிருந்து அஞ்சே நிமிஷம்” என்று சொல்வதற்கு முன், எந்த வாகனத்தில் என்று யோசிக்க வேண்டும். புரமோட்டருக்கு இல்லாத அனுமதியை இருக்கிறது என்று சொன்னால் அது வாய்ச் சவடால் இல்லை, சட்ட மீறல். பதிவே ரத்தாகலாம்.

கணக்கு எழுதி வைக்க வேண்டும். இந்த இடத்தில் என் படிப்பு கொஞ்சம் தலைதூக்கியது. “கமிஷன்ல கம்பெனிக்காரங்க வருமான வரி பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க. 2024 அக்டோபர்லேருந்து அது 2 சதவீதம். நாற்பதாயிரத்துக்கு எண்ணூறு ரூபாய். வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினா ஜி.எஸ்.டி. பதிவு வேற. நீ சொன்ன மாதிரி மாசம் ரெண்டு லட்சம்னா, வருஷம் இருபத்தி நாலு லட்சம். நீ தாண்டுற!”

தாண்டுகிறோம் என்பதில் அவனுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கமிஷன் எவ்வளவு வாங்கலாம்? அதைச் சட்டம் சொல்லவில்லை. அது இரு தரப்பும் பேசிக்கொள்வது. முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் மரியாதை.

நீங்கள் வாங்குகிறவரா?

இது மச்சினன்களுக்கு மட்டும் எழுதியதில்லை. சேர்த்து வைத்த பணத்தோடு மனை பார்க்கக் கிளம்புகிற எல்லா அப்பாக்களுக்கும்தான்.

முதலில், புரோக்கரிடம் ரெரா நம்பர் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். டாக்டர் போர்டில் படிப்பைப் பார்க்கிறோம் இல்லையா?

அந்த நம்பரை இணையதளத்தில் சரி பாருங்கள். பதிவு செய்த ஏஜென்டுகளின் பெயரையும் போட்டோவையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது சட்டம் ஆணையத்துக்கு இட்ட வேலை. பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்தானவர்கள் விவரமும் அதில் சேர்த்தி. உங்கள் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கிறவர் முகமும் படத்தில் இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

மனைத் திட்டத்தின் பதிவையும் பாருங்கள். புரமோட்டர் திட்டத்தைப் பதிவு செய்யும்போதே, தனக்கு ஏஜென்டுகள் இருந்தால் அவர்கள் பெயர், முகவரியைக் கொடுத்தாக வேண்டும். “அந்த மாதிரி யாரும் எங்க ஆளு இல்லீங்களே” என்று பின்னால் கேட்க வேண்டியதில்லை. முன்னாலேயே பார்த்துவிடலாம்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க வேண்டுமானால், புரமோட்டர் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். திட்டத்தின் கணக்குக்கே நேராகப் போகட்டும். யார் சட்டைப் பைக்கும் வேண்டாம்.

அப்படியும் தவறு நடந்தால் புரமோட்டர் மேல் மட்டுமில்லை, ஏஜென்ட் மேலும் ரெராவில் புகார் கொடுக்கலாம். புகார் படிவத்தில் எதிர்மனுதாரர் பெயர் என்ற இடத்தில் எழுத, உங்களிடம் ஒரு பெயர் இருக்கும்.

நம்பர் இருக்கிறவரெல்லாம் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒழுங்காக வண்டி ஓட்டுவதாக நம் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இடித்துவிட்டு ஓடினால் பின்னாலிருந்து குறித்துக்கொள்ள ஒரு நம்பர் இருக்கிறது. அந்த அளவுக்குத்தான் இந்தப் பதிவு. அந்த அளவுகூட எங்களுக்கு 2009-ல் இல்லை.

அப்பாவின் நிபந்தனை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஒரு ஃபைலோடு வந்தான். பான் கார்டு, முகவரிச் சான்று, வரிக் கணக்கு. பழைய கம்பெனியில் சம்பளத்துக்குப் போட்ட கணக்கு மூன்று வருஷத்துக்கும் இருந்தது. அந்த வேலைக்கு அவன் போனதில் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்றாள் என் மனைவி.

கூலிங்கிளாஸ் இல்லாமல் எடுத்த புது போட்டோவும் இருந்தது. முடியைப் படிய வாரி, பயந்துபோய் உட்கார்ந்திருந்தான் படத்தில்.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். அந்தப் போட்டோவைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, இதை எல்லாரும் பார்ப்பாங்களா?”

“ஆமா மாமா. நம்பர் கிடைச்சா, இணையதளத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

அப்பா தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். போட்டோவைத் திருப்பி மேஜை மேல் வைத்து, பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

“பின்னாடி உங்க பேரை எழுதுங்க. அப்பா பேரையும் சேர்த்து. முழுசா.”

ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அதெல்லாம் தேவையில்லை மாமா என்று சொல்ல மச்சினன் வாயைத் திறந்தான். பிறகு அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு எழுதினான்.

அப்பா அதைத் தன் கண்ணாடிக்குக் கீழே பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அந்த ஒரு போட்டோவை மட்டும் ஃபைலில் வைக்காமல், தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

“இது என்கிட்ட இருக்கட்டும்” என்றார்.